எகிப்து போகிறோம், பிரமிடு போதும், மனிதர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

தாமிரபரணி_78

வணக்கம். டிசம்பர் நடுவில் நானும் அம்மாவும் பத்து நாள் எகிப்து போகிறோம். கெய்ரோ, லக்ஸர், அஸ்வான், அபு சிம்பெல். டிக்கெட்டும் தங்குமிடமும் ஆகிவிட்டது, அதைப் பற்றிக் கேள்வி இல்லை. பிரமிடு எத்தனை அடி, துட்டன்காமன் எந்த வயதில் இறந்தான் என்பதெல்லாம் யூடியூபில் பார்த்துப் பார்த்து அம்மாவுக்கே மனப்பாடம். எனக்கு வேண்டியது வேறு. அங்கே இன்றைக்கு வாழ்கிறவர்கள் எப்படி? என்ன பேசினால் முகம் மலர்வார்கள், எதைச் செய்தால் சுளிப்பார்கள்?

இன்னொன்று. அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. வயது 67. பழனிப் படியை இன்னும் ஏறுகிறவர், அதனால் காலைப் பற்றிக் கவலை இல்லை. வயிற்றைப் பற்றித்தான்.

மணல்வெளி

2022இல் போனேன். ஒரே வார்த்தை சொல்கிறேன், இனாம் என்று அர்த்தம்: பக்‌ஷீஷ். லக்ஸர் மேற்குக் கரையில் ஒரு கல்லறைக்குள் காவலாளி ஒருவர் கயிற்றை விலக்கி "வா, வா" என்று உள்ளே கூப்பிட்டார். ஏதோ பெரிய மரியாதை என்று நினைத்துப் போனேன். டார்ச் அடித்து இரண்டு ஓவியத்தைக் காட்டிவிட்டு, திரும்பி வரும் வழியில் கையை நீட்டினார். கழிப்பறை வாசலில் ஒருவர் இரண்டு டிஷ்யூத் தாளைக் கிள்ளிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்டார். ஒட்டகக்காரர் ஏறுவதற்கு ஒரு விலை, இறங்குவதற்கு இன்னொரு விலை. பண்பாடு, மரபு எல்லாம் சரி. காலையிலிருந்து இரவு வரை யாராவது கை நீட்டிக்கொண்டே இருந்தால் எந்த மரபு கண்ணில் படும்?

நைல்கரை_அக்கா

மணல்வெளி தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஒட்டகக்காரரைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் பார்த்தது சுற்றுலாக்காரர் நடக்கும் அந்த அரைக் கிலோமீட்டர் எகிப்து. என் வீட்டுக்காரர் வேலை காரணமாக கெய்ரோவின் மாதி பகுதியில் ஆறு வருடம் இருந்தோம். பக்‌ஷீஷ் என்பது அவர்களுக்குள்ளேயே ஓடுகிற காசு. கட்டட வாசலில் உட்கார்ந்திருக்கும் பவ்வாப், காரை ஒதுக்கி நிறுத்த இடம் காட்டுகிறவர், பெட்ரோல் போடும் பையன் எல்லோருக்கும் எகிப்தியர்களே கொடுக்கிறார்கள். சம்பளம் அவ்வளவு சொற்பம். நம் ஊர்க் கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுப்பதைப் போலத்தான். 5, 10, 20 பவுண்டு நோட்டாகச் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்தவருக்குக் கொடுங்கள். கேட்காத வேலையைச் செய்துவிட்டுக் கேட்டால் நெஞ்சில் கை வைத்து "லா, ஷுக்ரன்", வேண்டாம், நன்றி, என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். நின்று விளக்கம் கொடுத்தால் மாட்டினீர்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கமும் உண்டு, அதுதான் எனக்கு முதலில் குழப்பம். டாக்சியில் இறங்கிக் காசு கொடுத்தால் சில ஓட்டுநர்கள் "கல்லி" என்பார்கள். "இருக்கட்டும், வைத்துக்கொள்" என்று அர்த்தம். முதல் தடவை நான் நிஜமாகவே வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்! பின்னால் வந்த எகிப்தியத் தோழி தலையில் அடித்துக்கொண்டு காசு கொடுத்தாள். நம் மளிகைக் கடைக்காரர் "இருக்கட்டும்மா, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பதைப் போல அது ஒரு உபசாரச் சொல். இரண்டு தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வார்.

ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் பொட்டலத்தைப் பிரித்தால் முதலில் உங்களிடம் நீட்டி "இத்ஃபத்தல்" என்பார். நம் ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் "வாங்க, சாப்பிடலாம்" என்பாரே, அதேதான். "பில் ஹனா" என்று பதில் சொன்னால் போதும், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். மூன்றாவது முறையும் நீட்டினால் அது உபசாரம் இல்லை, உண்மையிலேயே கொடுக்கிறார். வாங்கிக்கொள்ளுங்கள்.

இட்லிப்பிரியன்

சைவத்துக்கு ஒரே பதில் கொஷரி. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறு, அதற்கு மேலே கருக வறுத்த வெங்காயம். பூண்டும் வினிகரும் கலந்த தண்ணீர் ஒரு சீசாவில் மேசை மேலேயே இருக்கும், அதைத் தாராளமாக ஊற்றுங்கள். மிளகாய்ச் சாறு வேறு சீசா. அதை மட்டும் கொஞ்சம் பார்த்து ஊற்றுங்கள், நம் நாக்குக்கே உறைக்கும்.

இது நம் பக்கத்துக் கிச்சடியின் வழி வந்தது என்று பலரும் சொல்வார்கள். இங்கே "கிச்சடியா, ரவையே இல்லையே" என்று யாராவது தொடங்கிவிடாதீர்கள், வடக்கே அரிசியும் பருப்பும் சேர்த்துச் செய்வார்களே, அந்தக் கிச்சடி. இத்தாலிய மக்ரோனியும் தக்காளியும் பின்னால் வந்து சேர்ந்தவை. காலையில் ஃபூல், அதாவது இரவெல்லாம் வேகவைத்த மொச்சை மாதிரியான பயறு. அப்புறம் தமீயா. நம் மசால்வடையின் ஒன்றுவிட்ட சகோதரன், உள்ளே பச்சைப் பசேல் என்று இருக்கும்.

வடசேரிக்காரி

கொஷரி ஒன்றையே பத்து நாளும் சாப்பிட முடியாது தம்பி. தாமிரபரணி, அம்மாவுக்காக ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஸியாமி.

சபைக் குழுவோடு நான் அங்கே போனபோது கற்றுக்கொண்டது இது. "நான் சைவம்" என்று அரபியில் சொன்னால், "சரி, இறைச்சி வேண்டாம், கோழி கொண்டுவரட்டுமா?" என்பார்கள். கேலி இல்லை, பாதிப் பேருக்கு அது உண்மையான சந்தேகம். ஆனால் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் 200 நாளுக்கு மேல் நோன்பு இருப்பவர்கள். அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொட மாட்டார்கள். அந்த நோன்புச் சாப்பாட்டின் பெயர்தான் "அக்ல் ஸியாமி". முஸ்லிம் கடைக்காரருக்கும் இந்தச் சொல் தெரியும், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். நீங்கள் போகும் நேரம் இன்னும் வசதி. நவம்பர் 25 தொடங்கி ஜனவரி 6 வரை அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் நோன்பு, பண்டிகை ஜனவரி 7. பேக்கரியில்கூட ஸியாமி பிஸ்கட் தனியாக வைத்திருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த நோன்பில் மீன் உண்டு. அதனால் "ஸியாமி, மின் கேர் ஸமக்", மீன் இல்லாமல், என்று சேர்த்துச் சொல்லுங்கள். முலூகியா என்று கீரைக் கூட்டு ஒன்று வரும், பார்த்தால் நம் அகத்திக்கீரை மசியல் போல ஆசையாக இருக்கும். பெரும்பாலும் கோழி அல்லது முயல் வேகவைத்த தண்ணீரில் செய்வது. தொடவே வேண்டாம்.

பழைய கெய்ரோவில் தொங்கும் தேவாலயமும் அபு ஸெர்கா தேவாலயமும் அடுத்தடுத்து இருக்கின்றன. தொங்கும் தேவாலயம் பழைய ரோமானியக் கோட்டை வாசலின் மேல் கட்டியது, அதனால் அந்தப் பெயர். யேசு குழந்தையாக எகிப்துக்கு வந்தபோது திருக்குடும்பம் தங்கியது அபு ஸெர்கா நிலவறையில் என்பது அவர்கள் நம்பிக்கை. பூசை நேரத்தில் பெண்கள் பலர் முக்காடு போட்டிருப்பார்கள். நிறையப் பேருக்கு வலது மணிக்கட்டின் உள்பக்கம் சின்னச் சிலுவை பச்சை குத்தியிருக்கும். குழந்தையிலேயே குத்திவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அவர்களே நீட்டிக் காட்டுவார்கள்.

தாமிரபரணி_78

அக்கா, ஸியாமி என்ற சொல்லை அம்மா ஏற்கனவே நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். நன்றி. பேச்சு, சைகை பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

நைல்கரை_அக்கா

சைகையில் ஒன்று முக்கியம். ஐந்து விரல் நுனியையும் குவித்து மேல்நோக்கிப் பிடித்து லேசாக ஆட்டுவார்கள். "என்னடா வேணும்?" என்று மிரட்டுவதாக நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது "கொஞ்சம் பொறு". சாலையைக் கடக்கும்போது ஓட்டுநரைப் பார்த்து நீங்களும் அதையே காட்டலாம், பலிக்கும். உட்காரும்போது காலணியின் அடிப்பாகம் எதிரே இருப்பவரைப் பார்க்கக் கூடாது. மசூதியில் செருப்பு வெளியே, அம்மாவுக்கு ஒரு துப்பட்டா. வெள்ளி மதியத் தொழுகை நேரத்தைத் தவிர்த்துவிட்டால் இப்னு துலூன் மசூதியில் ஒரு மணி நேரம் சும்மா உட்காரலாம். 879இல் கட்டி முடித்தது. கெய்ரோவில் எனக்குப் பிடித்த இடம் அதுதான், பிரமிடு இல்லை.

காலை வணக்கம் பற்றி ஒரு கதை. "ஸபாஹ் எல்-ஹேர்" என்றால் "ஸபாஹ் என்-நூர்", ஒளியான காலை, என்று பதில் சொல்வார்கள். கொஞ்சம் பிரியமானவர் என்றால் "ஸபாஹ் எல்-ஃபுல்". வந்த புதிதில் "மொச்சைக் காலை" என்கிறார்களே, இது என்ன வாழ்த்து என்று ஆறு மாதம் நினைத்திருந்தேன். ஃபூல் என்று நீட்டினால் மொச்சை. ஃபுல் என்று குறுக்கி லகரத்தை அழுத்தினால் மல்லிகை! அதுவும் நம் மதுரை மல்லி இனமேதான். கோடையில் கெய்ரோ சிக்னலில் பையன்கள் சரம் கோத்துக் கார் கண்ணாடியைத் தட்டி விற்பார்கள். டிசம்பரில் கிடைக்காது, அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நேரம் விஷயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் "ஐபிஎம்" என்று கிண்டல் செய்வார்கள். இன்ஷா அல்லா, புக்ரா, மாலேஷ். கடவுள் நினைத்தால், நாளைக்கு, பரவாயில்லை. பிளம்பர் வருவதற்கு நான் மூன்றையும் அதே வரிசையில் கேட்டிருக்கிறேன்.

மணல்வெளி

எல்லாம் இனிப்பாகவே சொல்கிறீர்கள். "இந்தியரா? அமிதாப் பச்சன்!" என்று தெருவெல்லாம் கூப்பிடுவார்கள், அது உண்மை. ஆனால் அதே ஊரில் "ஃபாகிர்னி ஹிந்தி?" என்று ஒரு சொலவடை இருப்பதை ஏன் யாரும் சொல்லவில்லை? "என்னை என்ன இந்தியன் என்று நினைத்தாயா", அதாவது முட்டாள் என்று நினைத்தாயா. அதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நைல்கரை_அக்கா

இருக்கிறது. நானும் கேட்டிருக்கிறேன், எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இரண்டு கடைக்காரர்கள் விலைச் சண்டையில். சொன்னவர் திரும்பி என்னைப் பார்த்ததும் காது சிவந்துபோய், அன்று வாங்கிய ஆரஞ்சுக்குக் காசே வாங்கவில்லை. இந்தத் தடவை "கல்லி" நிஜம். வாய்ப் பழக்கத்தில் வருவது அது. நம் பேச்சிலும் பிற ஊர்க்காரரைக் குத்தும் சொல் எத்தனை இருக்கிறது, நினைத்துப் பாருங்கள். அதற்காக அது நல்ல சொல் என்று சொல்ல வரவில்லை.

கல்வெட்டுக்கிறுக்கன்

இந்தியர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நமக்கும் எகிப்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் இந்த இழையை விடலாமா? செங்கடல் கரையில் குசைர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. "கணன்", "சாதன்" என்று இரண்டில் ஆள் பெயர். இன்னொன்றில் "பானை ஒறி" என்று இருந்ததைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தார். உறி என்கிறோமே, அதே உறி. ஊர் விட்டு ஊர் போய் யாரோ ஒருவர் பானையில் "உறிப்பானை" என்று எழுதிவைத்திருக்கிறார். தெற்கே பெரெனிகே துறைமுகத்தில், கோயில் வளாகத்தில் ஏழரைக் கிலோ மிளகு ஒரு இந்தியச் சாடியில் அப்படியே கிடைத்தது.

இந்தத் துறைமுகங்களைப் பயணத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், உங்கள் வழியிலிருந்து வெகு தூரம். அதற்குப் பதில் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் நாகரிக அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 2021 ஏப்ரல் 3 அன்று 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோய் வைத்தார்களே, அந்த இடம். அங்கே பார்வோன் இரண்டாம் ராம்சேஸ் படுத்திருக்கிறார். அவர் மூக்குக்குள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். மூவாயிரம் வருடத்துக்கு முந்திய மிளகு. மம்மி அறையில் படம் எடுக்க விட மாட்டார்கள், பேசுவதும் மெல்லத்தான்.

இட்லிப்பிரியன்

அப்படியென்றால் "5000 ஆண்டாக மாறாத எகிப்து" என்று வழிகாட்டிகள் சொல்வது சரிதானா?

கல்வெட்டுக்கிறுக்கன்

அதைத்தான் நம்பாதீர்கள் என்பேன். லக்ஸர் கோயிலுக்குள்ளே அபுல் ஹக்காஜ் என்ற 13ஆம் நூற்றாண்டுச் சூஃபியின் மசூதி இருக்கிறது. கோயில் மண்ணில் புதைந்திருந்த காலத்தில் மேலே கட்டியது. பிற்பாடு மண்ணை அள்ளிவிட்டதால் மசூதியின் பழைய வாசல் இன்று அந்தரத்தில், தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும், தவறவிடாதீர்கள். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்னால் அவருக்கு மூலித், நம் ஊர் தர்கா கந்தூரி போல. அன்று வண்டிகளில் படகுகளை ஏற்றி ஊர்வலம் விடுவார்கள். பார்வோன் காலத்தில் ஓபெத் திருவிழாவில் ஆமோன் சாமியைப் படகில் வைத்து கர்னாக்கிலிருந்து இதே கோயிலுக்குத்தான் கொண்டுவந்தார்கள். ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் இடையில் நூற்றாண்டுக் கணக்கில் சான்றே இல்லாத இடைவெளி. "ஒத்திருக்கிறது" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இன்றைய பக்தர் வருவது அபுல் ஹக்காஜுக்காக, ஆமோனுக்காக இல்லை.

நைல்கரை_அக்கா

இதை வழிமொழிகிறேன். மாடி வீட்டுக் குழந்தைக்கு "ஸுபூ" நடந்தது, பிறந்த ஏழாம் நாள் சடங்கு. குழந்தையைப் பெரிய சல்லடையில் கிடத்தி மெல்ல ஆட்டினார்கள். அப்புறம் சல்லடையைத் தரையில் வைக்க, தாய் அதை ஏழு தடவை தாண்டினாள். பாட்டி பித்தளைக் கையுரலைக் காதருகே டங் டங் என்று இடித்துக்கொண்டே, "அம்மா சொன்னதைக் கேள், அப்பா சொன்னதைக் கேட்காதே" என்று சொல்ல, அப்பன்காரன் மூலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். கண் படாமல் இருக்க உப்பைத் தூவினார்கள், சாம்பிராணி காட்டினார்கள். முறத்தில் தவிடு பரப்பிக் குழந்தையைப் போடும் நம் வழக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இது பார்வோன் காலமா இல்லையா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. முஸ்லிம், காப்டிக் இரண்டு வீடுகளிலும் செய்கிறார்கள்.

அஸ்வானில், தெற்கு எகிப்தில் வாழும் நூபிய மக்களின் கிராமம் என்று கர்ப் ஸுஹைலுக்குக் கூட்டிப்போவார்கள். வண்ணம் அடித்த வீடு, தொட்டியில் முதலை, மருதாணி, போட்டோ. வேண்டாம் என்று சொல்லவில்லை. இஞ்சி போட்ட ஜபனா காப்பி அருமை. ஆனால் அஸ்வான் அணைக்காக 1963-64இல் ஐம்பதாயிரம் நூபியர்கள் வரை ஊரைவிட்டு எழுப்பப்பட்டு கோம் ஓம்போ பக்கம் குடியமர்த்தப்பட்டதைத் தெரிந்துகொண்டு போங்கள். அபு சிம்பெல் கோயிலை வெட்டி எடுத்து 65 மீட்டர் மேலே கட்டியதை வழிகாட்டி அரை மணி நேரம் சொல்வார். தண்ணீருக்குள் போன ஊர்களைப் பற்றி அரை நிமிடம். அஸ்வானில் உள்ள நூபிய அருங்காட்சியகம் அந்தக் குறையை ஓரளவு தீர்க்கும்.

தாமிரபரணி_78 (ஜனவரி)

வந்துவிட்டோம். முதலில் கெட்ட செய்தி. நானும் ஏமாந்தேன். ஒரு கடையில் பாப்பிரஸ் ஓவியம் என்று வாங்கியது வாழைப் பட்டையாம். ஓட்டல் பையன் அதைச் சுருட்டிப் பார்த்ததும் மடிப்பில் விரிசல் விட்டது. நல்ல பாப்பிரஸ் சுருட்டினால் நிமிர்ந்துகொள்ளும், வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக நார் தெரியும். மணல்வெளி, உங்களை நினைத்துக்கொண்டேன்.

ஸியாமி வேலை செய்தது! லக்ஸரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் அம்மா வாயைத் திறந்து "ஸியாமி" என்றதும் சமையல்காரர் தன் மணிக்கட்டுச் சிலுவையைக் காட்டி, "நீங்களுமா?" என்பது போலப் பார்த்தார். அம்மா தன் நெற்றித் திருநீற்றைக் காட்டினார். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. கத்தரிக்காய் வறுவலும் பருப்பு சூப்பும் வந்தது, இரண்டாம் தடவையும் வந்தது.

கெய்ரோவில் ஒரு காலை, ஒரு பெரியவர் நடைபாதையில் கிடந்த ரொட்டித் துண்டைக் குனிந்து எடுத்து, உதட்டில் தொட்டு, நெற்றியில் ஒற்றி, மதில் மேல் வைத்துவிட்டுப் போனார். யாரும் மிதித்துவிடக் கூடாது என்று. அவர்கள் ரொட்டிக்கு "ஐஷ்" என்று பெயராம், வாழ்வு என்ற பொருளும் அதற்கு உண்டு என்று வழிகாட்டி சொன்னார். "நமக்குள் ஐஷும் உப்பும் இருக்கிறது" என்றால் சேர்ந்து சாப்பிட்ட உறவு, துரோகம் செய்யக் கூடாது என்று அர்த்தமாம். அம்மா உடனே "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்றார். அதை நான் மொழிபெயர்க்க, வழிகாட்டி அதைத் தன் கைப்பேசியில் எழுதிக்கொண்டார்.

கடைசி இரவு அஸ்வானில். ஓட்டல் வாசலில் கல்யாண ஊர்வலம், மத்தளம், நாதஸ்வரம் மாதிரி மிஸ்மார் என்று ஒன்று, இரண்டு பேர் கம்பு சுற்றினார்கள். தஹ்திப் என்றார்கள். சிலம்பத்தைக் காலைக் கட்டிப்போட்டு மெதுவாக ஆடினால் எப்படியோ அப்படி. திடீரென்று பெண்கள் எல்லோரும் வாய்க்குள் நாக்கைச் சுழற்றி ஒலி எழுப்பினார்கள். அம்மா என் கையைப் பிடித்து, "ஏய், இது குலவைல்லா!" என்றார். நான் தடுப்பதற்குள் அவரும் ஒன்று போட்டார், எங்கள் ஊர் அம்மன் கொடையில் போடுவது போல நீளமாக. ஊர்வலம் ஒரு நொடி நின்றது. அப்புறம் மணப்பெண்ணின் பாட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தார், கை நிறைய இனிப்போடு.

வடசேரிக்காரி

அந்தக் குலவையை வீடியோ எடுத்தீர்களா?

தாமிரபரணி_78

எங்கே, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இப்போது அம்மா ஏப்ரலில் மறுபடியும் போக வேண்டும் என்கிறார். ஷம் எல்-நெஸ்ஸிம் என்று வசந்தப் பண்டிகையாம், காப்டிக் ஈஸ்டருக்கு மறுநாள், எல்லா மதத்தாரும் பூங்காவில் சாயம் பூசிய முட்டையும் வெங்காயத்தாளும் கருவாடும் வைத்துச் சாப்பிடுவார்களாம். அந்தப் பாட்டி கூப்பிட்டிருக்கிறார்.

நைல்கரை_அக்கா

அது கருவாடு இல்லை, ஃபஸீஹ். மடவை இன மீனை உப்பில் ஊறப்போட்டு நொதிக்கவிட்டது. வருடா வருடம் சுகாதார அமைச்சகமே சாப்பிடாதீர்கள் என்று எச்சரிக்கும், யாரும் கேட்பதில்லை. அம்மாவுக்கு வெங்காயத்தாள் மட்டும். நாற்றம் அடிக்காமல் இருக்க, காற்று வரும் பக்கமாக உட்காரச் சொல்லுங்கள்.